ஐரோப்பியப் பழங்காலக் கைத்துப்பாக்கிகளும் புதுக்கோட்டையும்

பழங்கால ஐரோப்பியக் கைத்துப்பாக்கி என்பது 16-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியப் பட்டறைகளில் கையால் செய்யப்பட்ட சிறு துப்பாக்கியைக் குறிக்கும். இவற்றில் பெரும்பாலானவை குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்துச் சுடும் வகையைச் சேர்ந்தவை. ஒரே ஒரு முறை சுட்டதும் மீண்டும் நிரப்ப வேண்டும். போர்க்கருவியாக இவற்றின் காலம் முடிந்து நெடுநாளாகிவிட்டது. இன்று இவை கொல்லர், தச்சர், வெள்ளி வேலைக்காரர், செதுக்குவேலைக்காரர் ஆகியோரின் கூட்டுக் கைவினைப் பொருள்களாகவும் வரலாற்றுச் சான்றுகளாகவும் மதிக்கப்படுகின்றன.

தமிழகத்தில் இந்தத் துப்பாக்கிகளின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புள்ள பகுதிகளில் புதுக்கோட்டை முதன்மையானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நட்பு நாடாக இருந்து, 1948 வரை தனிச் சமஸ்தானமாக நீடித்த ஒரே தமிழ் அரசு அது. திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகத்தில் நிலவியல், விலங்கியல், ஓவியம், நாணயம், கல்வெட்டு ஆகியவற்றோடு தொண்டைமான் ஆட்சிக் காலத்து ஆயுதங்களும் இடம்பெற்றுள்ளன.

சொல் வரலாறு

துப்பாக்கி என்ற சொல் துருக்கிய மொழியிலிருந்து பாரசீகம், உருது வழியாகத் தென்னிந்திய மொழிகளுக்கு வந்தது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் வரும் ‘துப்பாக்கி’ இதனோடு தொடர்பில்லாதது. அங்கே அது ‘உணவை உண்டாக்கி’ என்று பொருள்படும். பீரங்கி என்ற சொல்லோ ஐரோப்பியரைக் குறித்த ‘ஃபிரங்கி’ என்பதன் திரிபு. கருவியைக் கொண்டுவந்தவரின் பெயரே கருவிக்குப் பெயராகிவிட்டது. நாட்டுப்புறத்தில் இன்றும் வழங்கும் ‘மருந்து கெட்டித்தல்’ என்ற தொடர், குழல் வாயில் மருந்திட்டுக் கோலால் இடிக்கும் பழைய முறையின் எச்சமாகும்.

புதுக்கோட்டைச் சீமைக்கு வந்த வழி

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொண்டைமான் மரபின் ஆட்சி புதுக்கோட்டையில் தொடங்கியது. 1750-களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிராப்பள்ளியைச் சுற்றிப் போரிட்டபோது, தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்று படையும் உணவுப் பொருள்களும் அனுப்பினார். இவ்வாறு இரண்டு ஐரோப்பிய நாடுகளின் படைக்கலங்களும் புதுக்கோட்டையின் வாசல் வரை வந்தன.

அக்காலப் படைகளில் காலாட்படை வீரனிடம் நீண்ட துப்பாக்கி இருந்தது. கைத்துப்பாக்கி குதிரைவீரனுக்கும் அதிகாரிக்கும் உரியது. சேணத்தின் முன்புறம் இருபுறமும் தொங்கும் தோல் உறைகளில் வைப்பதற்காக அது பெரும்பாலும் இணையாகவே செய்யப்பட்டது. அதிகாரிகள் பலர் தம் சொந்தப் பணத்தில் தமக்குப் பிடித்த பட்டறையில் செய்வித்துக் கொண்டனர். அரசர்களுக்கும் பாளையக்காரர்களுக்கும் கம்பெனி அளித்த பரிசுகளில் துப்பாக்கிகளும் உண்டு. எனவே ஒரு கைத்துப்பாக்கி தமிழகத்துக்கு வந்த வழி போர், வணிகம், பரிசு, கைப்பற்றல் ஆகியவற்றில் எதுவாகவும் இருக்கலாம்.

இந்த நட்புக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை விட்டு வெளியேறிய வீரபாண்டிய கட்டபொம்மன் 1799-இல் புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் பிடிக்கப்பட்டுக் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன.

இதன் விளைவு இன்றைய அருங்காட்சியகங்கள் வரை நீள்கிறது. எதிர்த்துப் போரிட்ட பாளையங்களின் ஆயுதங்கள் பெரும்பகுதி அழிந்தன. நட்பு அரசான புதுக்கோட்டையில் அரண்மனையும் அதன் உடைமைகளும் தொடர்ந்தன. எஞ்சியிருக்கும் பொருள்களைக் கொண்டு வரலாற்றைப் படிப்போர் இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் கொள்ள வேண்டும். அருங்காட்சியகப் பெட்டியில் எது இருக்கிறது என்பதோடு எது இல்லை, ஏன் இல்லை என்பதும் வரலாறுதான்.

மூன்று பொறியமைப்புகள்

கைத்துப்பாக்கியின் காலத்தை அறிய முதலில் பார்க்க வேண்டியது அதன் பக்கவாட்டில் உள்ள பொறி. மருந்தில் தீ மூட்டும் முறை மூன்று கட்டங்களாக வளர்ந்தது.

1. சக்கரப் பொறி: 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. சாவியால் முறுக்கி வைத்த சக்கரம் விசையை இழுத்ததும் சுழன்று, தாதுக்கல்லில் உரசித் தீப்பொறி எழுப்பும். எரியும் திரி தேவையில்லாததால் துப்பாக்கியை நிரப்பி உறையில் வைத்திருக்க முடிந்தது. கைத்துப்பாக்கி என்ற கருவியையே நடைமுறைக்குக் கொண்டுவந்தது இந்தப் பொறிதான். கடிகாரம் போன்ற நுட்ப வேலை தேவைப்பட்டதால் விலை மிக அதிகம். அரசர்களும் பிரபுக்களும் மட்டுமே வாங்க முடிந்தது. ஜெர்மனியின் நியூரம்பெர்க், அவுக்ஸ்பர்க் நகரங்களும் இத்தாலியின் பிரேஷியாவும் இதற்குப் பெயர் பெற்றவை.

2. சிக்கிமுக்கிப் பொறி: 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவானது. லிசியூ நகரைச் சேர்ந்த மரென் லெ பூர்ஷ்வா என்பவரோடு இதன் தொடக்கம் இணைத்துப் பேசப்படுகிறது. ‘குதிரை’ எனப்படும் சுத்தி போன்ற உறுப்பின் வாயில் சிக்கிமுக்கிக்கல் பொருத்தப்பட்டிருக்கும். விசையை இழுத்தால் கல் எஃகுத் தகட்டில் மோதும். தகடு முன்னால் சாய்ந்து கீழேயுள்ள சிறு கிண்ணத்தைத் திறக்கும். கிண்ணத்து மருந்தில் பொறி விழுந்து, குழலின் துளை வழியே தீ உள்ளே செல்லும். இவை அனைத்தும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும். ஏறத்தாழ 200 ஆண்டுகள் இந்த முறையே பரவலாக நிலவியது. பாளையக்காரர் போர்களில் கம்பெனிப் படை பயன்படுத்தியதும் இதுவே.

3. தட்டுப் பொறி: ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத் 1807-இல் காப்புரிமை பெற்றார். தட்டினால் வெடிக்கும் வேதிப்பொருளைத் தீ மூட்டப் பயன்படுத்தியது இவரது புதுமை. பின்னர் அது சிறு செப்புத் தொப்பிக்குள் அடைக்கப்பட்டது. மழையிலும் காற்றிலும் சுட முடிந்ததால், 1830, 1840-களில் பழைய துப்பாக்கிகள் பலவும் இம்முறைக்கு மாற்றியமைக்கப்பட்டன.

பல கைகளின் வேலை

துப்பாக்கியில் ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருந்தாலும் அது ஒருவர் செய்த பொருள் அன்று. இரும்பைத் தகடாக அடித்து, கம்பியின் மேல் சுருட்டிப் பற்றவைத்து, உட்புறம் கடைந்து குழல் செய்பவர் ஒருவர். பொறிக்கு வில் காய்ச்சிப் பதம் கொடுப்பவர் மற்றொருவர். வால்நட் மரக்கட்டையைக் குழலுக்கும் பொறிக்கும் ஏற்ப மயிரிழை இடைவெளியின்றிக் குடைபவர் வேறொருவர். வெள்ளி, பித்தளை அணிகளை வார்ப்பவரும் கொடிக்கோலம் செதுக்குபவரும் தனி. பெயர் பொறித்தவர் பெரும்பாலும் இவற்றைச் சேர்த்துச் சரிபார்த்து விற்ற பட்டறை உரிமையாளரே.

பிரேஷியாவுக்கு அருகிலுள்ள கார்டோனேயின் கொமினாசோ குடும்பம் மெல்லியதும் வலுவானதுமான குழல்களுக்குப் புகழ் பெற்றது. ‘லாசரினோ கொமினாசோ’ என்ற பெயருக்கு இருந்த மதிப்பால், ஐரோப்பா எங்கும் பிறர் செய்த குழல்களிலும் அப்பெயர் பொறிக்கப்பட்டது. நெப்போலியன் காலத்தில் வெர்சாய் பட்டறையை நடத்திய நிக்கோலா நோயல் பூத்தே தங்கமும் வெள்ளியும் இழைத்த பரிசுத் துப்பாக்கிகளைச் செய்தார். ஸ்காட்லாந்தின் டூன் ஊர்க் கொல்லர்கள் மரமே இல்லாமல் முழுவதும் உலோகத்தால் செய்தனர். பிடியின் அடி ஆட்டுக்கடாக் கொம்புபோல் இருபுறமும் சுருண்டிருக்கும். ‘ராணி ஆன்’ வகை எனப்படும் ஆங்கிலத் துப்பாக்கியின் குழலைத் திருகிக் கழற்றி, பின்புறமாக மருந்தும் குண்டும் இடலாம். அதன் அடியில் கோரமுக வெள்ளிப் பூண் காணப்படும்.

லண்டனில் ராபர்ட் வொக்டன், ஹென்றி நாக், டர்ஸ் எக், ஜான் மேன்டன், அவர் தம்பி ஜோசப் மேன்டன் ஆகியோர் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிறந்து விளங்கினர். வொக்டனும் மேன்டன்களும் டூயல் எனப்படும் இருவர் போருக்கான துப்பாக்கிகளுக்குப் பெயர் பெற்றவர்கள். இவற்றில் ஆடம்பரம் குறைவு. கையை நீட்டியதும் குழல் தானே இலக்கை நோக்கும்படியான எடைச் சமநிலை, மெல்லத் தொட்டாலே விடுபடும் விசை, ஒளி பட்டு மின்னாத பழுப்பு நிறக் குழல் ஆகியவையே இவற்றின் அழகு. அழகுக்காகச் சேர்த்தது எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் உயிரைப் பணயம் வைத்தவனுக்காகச் செய்யப்பட்டது. இத்தகைய போர்கள் இந்தியாவிலும் நடந்தன. 1780-இல் கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸ் சுட்டதில் பிலிப் ஃபிரான்சிஸ் காயமடைந்தார். 1784-இல் சென்னை ஆளுநர் மெக்கார்ட்னி தம் சபை உறுப்பினர் சாட்லியரோடு நடத்திய டூயலில் காயமுற்றார்.

இந்தக் கைத்திறன் ஐரோப்பியருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் பட்டறைகள் ஐரோப்பியப் பாணிச் சிக்கிமுக்கிப் பொறியுள்ள துப்பாக்கிகளையும் கைத்துப்பாக்கிகளையும் செய்தன. அவற்றின் புலித்தலை உருவங்களும் புலிவரிக் கோலங்களும் பார்த்தவுடன் அடையாளம் காட்டும். 1799 மே 4 அன்று அந்நகரம் வீழ்ந்தபின் அவற்றில் பல பிரிட்டனுக்குச் சென்றன. உயர்ந்த ஐரோப்பியக் குழல்களில் காணப்படும் ‘டமாஸ்கஸ்’ அலைவரியை, தென்னிந்திய உருக்கான ஊட்ஸ் எஃகின் வரியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஊட்ஸ், மூசையில் உருக்கிய எஃகிலேயே இயல்பாகத் தோன்றும் வரி. ஐரோப்பியக் குழலின் வரியோ இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கி அடித்துப் பற்றவைத்ததால் உண்டானது.

முத்திரைகளைப் படித்தல்

நாணயத்தைப் போலவே துப்பாக்கியும் தன் மேல் எழுதப்பட்டதைக் கொண்டு பேசும். கவனிக்க வேண்டிய முத்திரைகள் பின்வருமாறு:

சோதனை முத்திரை: குழலில் வழக்கத்தைவிட அதிக மருந்திட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காமின் சோதனைச் சாலை 1813-இல் அமைந்தது. ஒரு குழலில் பர்மிங்காம் சாலை முத்திரை இருந்தால் அது 1813-க்குப் பின் சோதிக்கப்பட்டது என்று துணியலாம்.

கம்பெனி முத்திரை: கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கலங்களில் தொடக்கத்தில் நான்காகப் பகுத்த இதய வடிவம் இருந்தது. 1808 முதல் அதற்குப் பதிலாகப் பின்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கம் வந்தது. தமிழகத்தில் கிடைக்கும் துப்பாக்கிகளுக்கு இது மிகவும் பயனுள்ள காலக்குறி. இதயம் இருந்தால் பாளையக்காரர் போர்க்காலத்தை ஒட்டியது. சிங்கம் இருந்தால் அதற்குப் பிந்தியது.

அரச முத்திரை: பிரிட்டிஷ் அரசுப் படைக்காகச் செய்தவற்றில் மகுடமும் அரசரின் பெயரெழுத்துகளும் ‘டவர்’ என்ற சொல்லும் காணப்படும். லண்டன் டவர் கோட்டையில் இருந்த ஆயுதச் சாலையை அது குறிக்கும்.

வெள்ளி முத்திரை: வெள்ளிப் பூண்களில் உள்ள ஆண்டெழுத்தைக் கொண்டு செய்த ஆண்டையே சொல்லிவிட முடியும்.

விற்பனையாளர் பெயர்: 19-ஆம் நூற்றாண்டில் சென்னையின் பி. ஓர் அண்டு சன்ஸ் போன்ற நிறுவனங்கள் தம் பெயர் பொறித்த துப்பாக்கிகளை விற்றன. பெயர் சென்னையுடையதாக இருந்தாலும் குழலின் சோதனை முத்திரை இங்கிலாந்தைக் காட்டலாம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை தெரியும்.

தஞ்சாவூர் ஆயுதசாலை தரும் பாடம்

புதுக்கோட்டைக்கு அண்டையிலுள்ள தஞ்சாவூரில் மராட்டிய மன்னர்களின் பெரும் ஆயுதசாலை இருந்தது. 1855-இல் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தபின் கம்பெனி அரசு அந்த அரசை எடுத்துக்கொண்டது. 1860-களில் ஆயுதசாலை கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. மிகுதியானவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. தென்னிந்திய ஆயுதக் கலையின் ஈடு செய்ய முடியாத இழப்பாக அறிஞர்கள் இதைக் கருதுகின்றனர்.

இங்கு அழிந்தது இரும்பு மட்டும் அன்று. எந்த ஆயுதம் எந்த அறையில், எதனோடு, யாருடையதாக இருந்தது என்ற தொடர்பும் அழிந்தது. தொகுப்பிலிருந்து பிரிந்த ஆயுதம் அழகாக இருக்கலாம். ஆனால் அது ஊமையாகிவிடுகிறது. பழைய அரண்மனைகளும் ஜமீன் வீடுகளும் உள்ள புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் ஒரு பரணிலோ மரப்பெட்டியிலோ பழைய துப்பாக்கி கிடைத்தால், இதே இழப்பு சிறு அளவில் மீண்டும் நிகழ வாய்ப்புண்டு. துருப்பிடித்த இரும்பென்று எடைக்குப் போடுவதும், சட்டத்துக்கு அஞ்சிக் கிணற்றில் எறிவதும், வந்த விலைக்கு ரகசியமாக விற்பதும் ஒரே முடிவையே தருகின்றன.

போலிகளும் மாற்றங்களும்

சந்தையில் ‘பழங்காலத் துப்பாக்கி’ என்ற பெயரில் வருபவற்றில் அலங்காரப் பிரதிகள் மிகுதி. ஆப்கானிஸ்தான் எல்லைப்புறப் பட்டறைகள் ஆங்கிலேயத் துப்பாக்கிகளைப் பார்த்து முத்திரைகளோடு நகலெடுத்தன. தலைகீழான எழுத்து, எழுத்துப்பிழை, ஆழம் மாறுபடும் செதுக்கல் ஆகியவை இவற்றைக் காட்டிக்கொடுக்கும். சிக்கிமுக்கிப் பொறியிலிருந்து தட்டுப் பொறிக்கு மாற்றியது போலி ஆகாது. அது அப்பொருளின் உண்மையான வாழ்க்கை வரலாறு. ஆனால் விலை கூட்டுவதற்காக அதை இக்காலத்தில் மீண்டும் சிக்கிமுக்கிப் பொறியாக மாற்றுவது வரலாற்றை அழிப்பதாகும். திருகாணிகளின் வயது, மரத்துக்கும் பொறிக்கும் இடையிலுள்ள இடைவெளி, உள்ளும் வெளியும் ஒரே அளவில் முதிர்ந்த துரு ஆகியவற்றைக் கொண்டு வல்லுநர்கள் இதைக் கண்டறிகின்றனர்.

பராமரிப்பு

பழைய துப்பாக்கியைக் காண்போர் செய்யும் முதல் தவறு அதைப் பளபளக்கத் தேய்ப்பது. நூற்றாண்டுகளாகப் படிந்த கரும்பழுப்பு நிறம் இரும்பைக் காக்கும் படலம். மங்கிய செதுக்கலும் முத்திரையும் அதன் அடியில் உயிரோடிருக்கின்றன. உப்புத்தாளால் தேய்த்தால் இரண்டும் போய்விடும். கைவியர்வையின் உப்பு துருவை வளர்ப்பதால் கையுறை அணிந்தே தொட வேண்டும். காற்றின் ஈரம் அடிக்கடி மாறினால் மரக்கட்டை வெடிக்கும். தோல் உறைக்குள் நெடுநாள் வைத்தால் உலோகம் அரிக்கும்.

அதைவிட முக்கியமானது உயிர்ப் பாதுகாப்பு. குழலில் கெட்டித்த கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறாண்டு கடந்தும் வெடிக்கக் கூடும். பழைய துப்பாக்கிகள் பல நிரப்பிய நிலையிலேயே கண்டெடுக்கப்பட்டுள்ளன. எனவே எந்தத் துப்பாக்கியையும் நிரம்பியதாகவே கருத வேண்டும். குதிரையை இழுத்துப் பார்ப்பதோ தீயருகே கொண்டுசெல்வதோ கூடாது.

சட்ட நிலை

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பதை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வழக்கொழிந்த வகை, தொல்பொருள் மதிப்புள்ளது, பழுதடைந்தது ஆகிய ஆயுதங்கள், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாதவையாக இருந்தால், அச்சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. பழையது என்பது மட்டும் விலக்குக்குப் போதாது. சுட இயலாதது என்பதும் உறுதியாக வேண்டும். சுடக்கூடிய நிலையிலுள்ள துப்பாக்கிக்கு, அது பாட்டன் காலத்துச் சொத்தாக இருந்தாலும், உரிமம் தேவை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத கலைப் பொருள்களும் வரலாற்று ஆர்வமுள்ள பொருள்களும் தொல்பொருள்கள் ஆகும். அவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே ஏற்றுமதி செய்ய முடியாது. விற்பனைத் தொழில் நடத்த உரிமம் வேண்டும். நிலத்தில் புதைந்து கிடைத்த பொருளானால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆகவே பழைய வீட்டில் இத்தகைய ஆயுதம் கிடைத்தால், அதை அசைக்காமல் படமெடுத்து, கிடைத்த இடத்தையும் குடும்பத்தார் அறிந்த செய்தியையும் எழுதி வைத்து, காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது முறையான வழி. அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியரிடம் கருத்துக் கேட்டால் பொருளின் வரலாற்று மதிப்பும் பதிவாகும்.

எதைச் சேகரிப்பது?

ஐரோப்பாவில் துப்பாக்கி சேகரிப்பு பழமையான வழக்கம். பிரான்ஸ் மன்னர் 13-ஆம் லூயியின் துப்பாக்கித் தொகுப்பில் ஒவ்வொன்றுக்கும் எண் இடப்பட்டது. அந்த எண்ணைக் கொண்டே, தொகுப்பு கலைந்தபின் உலகின் பல அருங்காட்சியகங்களுக்குச் சிதறிய துப்பாக்கிகள் இன்றும் அடையாளம் காணப்படுகின்றன. எண் இடப்பட்டதால் அவை தம் வரலாற்றை இழக்கவில்லை. எண் ஏதுமின்றி உடைக்கப்பட்ட தஞ்சாவூர் ஆயுதங்கள் இழந்துவிட்டன.

உரிமமும் பெரும்பொருளும் இல்லாத மாணவருக்கும் இத்துறையில் செய்ய வேண்டிய வேலை உண்டு. திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்திலும், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் ஆயுதங்களை நேரில் காணலாம். பொறியைப் பார்த்துக் காலத்தைக் கணிப்பது, முத்திரையை வரைந்துகொள்வது, அது அங்கு வந்த வழியைக் கேட்டறிவது, ஊரிலுள்ள முதியோர் சொல்லும் குடும்பச் செய்திகளைப் பதிவு செய்வது ஆகியவையும் சேகரிப்பே. கைத்துப்பாக்கியைக் கண்ணாடிப் பெட்டி காக்கும். அது யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்ற செய்தியைக் காப்பதற்கு எழுதி வைப்பவர் ஒருவர் வேண்டும்.